பொங்கலூர்ப் பக்கம் ஓர் ஆண் பூச்சிக்காக ஐந்து நாட்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, மலைப்பாதை, மலிவான தங்குமிடம் என்று எழுதுகிறவன் நான். இந்த முறை நாங்கள் போய்ப் பார்த்த இடம் ஒரு மாட்டுக் கொட்டகையின் பின்புறம் இருந்த சேறு. நீளம் ஏழடி, அகலம் மூன்றடி. நுழைவுக் கட்டணம் கிடையாது. புகைப்படம் எடுக்கத் தடையில்லை, எடுத்தாலும் யாரும் விரும்பிப் பார்க்கப் போவதில்லை.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வாணி, மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், படித்தது வணிகவியல். அவள் ஆராய்வது கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிபூச்சி வகையை. ஒரு கடுகின் நீளம்கூட இராது. ஆட்டையும் மாட்டையும் மனிதரையும் கடிக்கும். கடித்த இடம் கொசுக்கடியைவிட அதிகமாக அரிக்கும். திருப்பூர் வட்டாரத்தில் நான் கேட்டவரை அதைப் பொடிக்கொசு என்கிறார்கள். இந்த வகையில் ஏகப்பட்ட இனங்கள் உண்டு. இறக்கையில் இருக்கும் வெளிர்ப்புள்ளிகளின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறும்.

மூன்று வருடங்களுக்கு முன் வாணிக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர், பொங்கலூர்ப் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டியில் பிடித்த பூச்சிகளைச் சாராயக் குப்பியில் போட்டு அனுப்பினார். அதில் பதினொரு பூச்சிகளின் இறக்கைப் புள்ளிகள் இதுவரை யாரும் எழுதிவைத்த எதனோடும் பொருந்தவில்லை. வாணி பழைய கட்டுரைகளையெல்லாம் தேடினாள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டாள். கடைசியில், இது புதிய இனம் என்று கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினாள். பதில் மரியாதையாகவே வந்தது. பதினொன்றும் பெண் பூச்சிகள், ஆண் பூச்சி எங்கே என்று கேட்டிருந்தார்கள். நெருங்கிய இனங்களை உறுதியாகப் பிரிக்க, ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆண் கிடைக்காமல் கட்டுரை நகராது.

ஆண் பூச்சி கடிப்பதில்லை. அதனால் ஆடு மாட்டைத் தேடி வருவதில்லை. விளக்குப் பொறியிலும் அபூர்வமாகத்தான் சிக்கும். அது சேற்றிலிருந்து இறக்கை முளைத்து வெளியே வரும் நேரத்தில் பிடிப்பதுதான் நம்பகமான வழி. முந்தைய வருடம் வாணி அந்த ஆட்டுப்பட்டி இருக்கும் தோட்டத்துச் சேற்றை இரண்டு வாளிகளில் மதுரைக்கே அள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் மாடியில் பத்து நாள் வைத்திருந்தும் ஒன்றுகூட வெளிவரவில்லை. வீட்டு உரிமையாளரின் கேள்விகள்தான் வந்தன.

இந்த நிலையில் சென்ற ஐப்பசிக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, அந்தத் தோட்டத்துக்காரர் ஈஸ்வரி தொலைபேசியில் அழைத்தார். "அம்மிணி, வர்ற வியாழக்கெழம கொத்தனார் வர்றாருங்க. கட்டுத்தரைக்குப் பின்னால காரை போட்டு மூடப்போறமுங்க. நீங்க அந்தச் சேறு வேணும்னு சொல்லியிருந்தீங்கல்லங்க, அதான் ஒரு வார்த்த சொல்லீரலாம்னு." கட்டுத்தரை என்பது மாடு கட்டும் இடம். அவருக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாணி அன்றே விடுப்பு எழுதினாள். நானும் எழுதினேன், சாமான் தூக்க ஆள் வேண்டுமல்லவா.

திங்கட்கிழமை காலை 5.30க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினோம். தாராபுரம் வழியாகத் திருப்பூருக்கு 10.45க்குச் சேர்ந்தது. ஆளுக்கு ₹175. எங்களிடம் அடி வெட்டிய ஆறு பிளாஸ்டிக் வாளிகள், கொசுவலைத் துணிச் சுருள், ஒரு பை நிறையக் குப்பிகள், எஃகுப் பெட்டியில் நுண்ணோக்கி. நடத்துனர் வாளிகளைப் பார்த்து, "எந்த ஊர்ல சார் பெயின்ட் வேல?" என்றார். பூச்சி பிடிக்கப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை.

திருப்பூரிலிருந்து பல்லடம் 15 கி.மீ. அங்கே பேருந்து நிலையத்துக்கு அருகில் விடுதி எடுத்தோம். இருவருக்கு நாளொன்றுக்கு ₹900. சுத்தமான அறை, வெந்நீர் காலை ஏழு வரைதான். பல்லடத்திலிருந்து பொங்கலூர் சுமார் 10 கி.மீ. அங்கே இறங்கி ஒன்றரைக் கி.மீ. நடந்தால் ஈஸ்வரியின் தோட்டம். அந்தச் சிற்றூரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

ஈஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று மாடு, இருபதுக்கு மேல் செம்மறி. கணவர் தங்கராசு பல்லடத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நாங்கள் போனபோது ஈஸ்வரி மாடு கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர்தான் சாணத்தோடு கலந்து பின்புறம் தேங்கி, எங்களுக்கு வேண்டிய சேறாகிறது. கை கழுவியதும் மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே என் கணுக்காலில் நான்கு இடத்தில் அரிக்கத் தொடங்கியது. "வந்ததும் வராததுமா உங்களப் புடிச்சுக்கிச்சுங்களா? புது ரத்தம்னா அதுக்குத் தெரிஞ்சுபோயிருங்க" என்று சிரித்தார். வாணி மகிழ்ச்சியோடு என் காலைக் குனிந்து பார்த்தாள். காலையல்ல, அதில் உட்கார்ந்திருந்ததை.

மாலை நான்கு மணிக்குள் ஆறு வாளிகளையும் சேற்றில் கவிழ்த்து வைத்தோம். வாளியின் வெட்டிய பக்கத்தின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு குப்பி. சேற்றிலிருந்து வெளிவரும் பூச்சி மேலே பறந்து குப்பிக்குள் போகும் என்பது கணக்கு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஆறு குப்பியும் காலி. வாணி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள்.

கூடவே குனிந்து நின்ற ஈஸ்வரிதான் சொன்னார். "ஏனுங்க அம்மிணி, உள்ளதான் ஒண்ணையுங் காணோம். இந்தா, வலைக்கு வெளியவல்லங்க ஒக்காந்திருக்குது."

உண்மைதான். வலையின் வெளிப்பக்கத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் இருந்தது. வாணி விரலை அருகே கொண்டுபோனதும் எல்லாம் பறந்துவிட்டன. கொசுவுக்கான வலை, கொசுவைவிடச் சின்னதை எப்படி நிறுத்தும்? இன்னும் நெருக்கமான வலைதான் வாணி கல்லூரி மூலம் கடையில் கேட்டிருந்தது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததை அவசரத்தில் கவனிக்காமல் எடுத்து வந்துவிட்டாள். மூன்று வருட வேலை, இந்த ஒரு சுருள் துணியின் ஓட்டை பெரிதாக இருந்ததால் நின்றுபோனது. அவள் அழவில்லை. வலைகளை அவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தாள், மிக மெதுவாக. பதினாறு வருடம் உடன் வாழ்ந்தவனுக்கு அது அழுகையைவிட மோசம் என்று தெரியும்.

"துணிதான பிரச்சனை? பக்கத்துல திருப்பூர வெச்சுக்கிட்டு எதுக்குங்க யோசனை?" என்றார் ஈஸ்வரி.

முற்பகல் 11.15க்குத் திருப்பூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினோம். முதலில் காதர்பேட்டை. பனியன், டி-ஷர்ட் மலைபோல் குவிந்திருக்கும் கடைவீதி. ஆறு கடைகளில் கேட்டோம். விளையாட்டு ஜெர்சிக்கான வலைத்துணி காட்டினார்கள். அதன் ஓட்டையில் என் பூச்சி குடும்பத்தோடு நுழையும். 'வலை, ஆனால் ஓட்டை தெரியக் கூடாது' என்று கேட்பவர்களை எந்தக் கடைக்காரரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? ஒரு மணிக்குக் கடைவீதி முனையில் ஓர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம், எங்கே போவதென்று தெரியாமலே.

ஓட்டுநர் தென்காசிக்காரர், பெயர் மாரியப்பன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சார், நீங்க விக்கிற எடத்துல போய்க் கேக்கீங்க. தைக்கிற எடத்துலல்லா கேக்கணும். என் வீட்டுக்காரி வேல பாக்குற யூனிட் மண்ணரைல இருக்கு. அத நடத்துற அம்மாவுக்குத் தெரியாத துணி கிடையாது, வாங்க" என்றார். சுமார் 4 கி.மீ., ₹120.

மண்ணரையில் ஒரு சந்துக்குள், வீட்டின் முன்பகுதியில் ஏழு தையல் மெஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைக்கும் இடம் அது. நடத்துபவர் ஜமீலா. மதியச் சாப்பாட்டு நேரம். கேரியரை மூடி வைத்துவிட்டு வந்தார். வாணி பத்து நிமிடம் விளக்கினாள். சேறு, வாளி, வலை, பூச்சி, ஓட்டை. ஜமீலா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பூச்சி வெளிய வந்ததும் இருட்டப் பாத்துப் போகுமுங்களா, வெளிச்சத்தப் பாத்துப் போகுமுங்களா?"

"வெளிச்சத்துக்குத்தான் போகும்."

"அப்புறம் எதுக்குங்க ஓட்டை போட்ட துணி? கருப்புத் துணியில முழுசா மூடிருங்க. உச்சியில மட்டும் குப்பிக்கு வழி விடுங்க. வெளிச்சம் அங்க ஒரு எடத்துலதான் தெரியும், எல்லாம் அங்கதான போவோணும்?"

வாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுத் துணிப் பொறியைப் பற்றித் தான் படித்திருந்ததாகவும், அந்த நிமிடம் வரை ஞாபகத்துக்கு வரவில்லை என்றும் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஜமீலா மூலையில் குவிந்திருந்த வெட்டுத் துணியிலிருந்து கருப்பு பனியன் துணியை இழுத்தார். ஒரு குப்பியை வாங்கிக் கழுத்தை அளந்தார். பனியன் கழுத்துப் பட்டைக்கு வைக்கும் இழுவைத் துணியைச் சின்ன வளையமாகத் தைத்து உச்சியில் சேர்த்தார். குப்பி அதில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. கீழே வாளியைக் கவ்வ எலாஸ்டிக். மாரியப்பனின் மனைவியும் ஒரு மெஷினில் உட்கார்ந்துகொள்ள, ஒன்றரை மணி நேரத்தில் ஆறும் தயார். வாளிகளுக்குத் தைத்த தொப்பி போலிருந்தன. கூலி எவ்வளவு என்றேன். "வேஸ்ட்டுத் துணிக்கு என்னத்தச் சொல்றதுங்க. தையக்கூலி எரநூறு குடுங்க, இவளுக்குப் பாதி" என்றார். போகும்போது வாணியிடம், "கெடச்சா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. எதுக்குத் தெச்சோம்னு புள்ளைங்க கேப்பாங்க" என்றார்.

புதன் காலை எட்டுக்குப் புதிய பொறிகளை வைத்தோம். மாலை நான்கு மணிக்குக் குப்பிகளில் பூச்சி இருந்தது! முப்பதுக்கு மேல். வாணி மாட்டுத்தொட்டியின் விளிம்பில் நுண்ணோக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலும் எங்கும் கிடைக்கும் இனங்கள். எங்கள் இனத்தில் இரண்டு, இரண்டும் பெண். ஆனால் அவை இந்தச் சேற்றில்தான் பிறக்கின்றன என்பது அன்றைக்கு உறுதியானது.

வியாழக்கிழமை காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 8.10. வாசலில் சிமென்ட் மூட்டைகள். கொத்தனார் ஜல்லியைக் கிளறிக்கொண்டிருந்தார். தங்கராசு அன்று விடுப்பு எடுத்திருந்தார்.

வாணி இன்னும் ஒருநாள் கேட்டாள். தங்கராசு கோபப்படவில்லை, ஆனால் மசியவும் இல்லை. "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இன்னிக்கு விட்டா இவரு மறுபடி தை மாசந்தான் வருவாரு. அதுவரைக்கும் மாடு நின்ன எடத்துல நிக்காம ஒதறிக்கிட்டே கெடக்கும். பால் கறக்க ஒக்கார முடியறதில்லீங்க. உங்களுக்குப் பூச்சி வேணும், எங்களுக்கு அது இல்லாம இருக்கோணும்."

அவர் சொன்னதில் தவறு ஏது? கடிபடுகிறவர்களிடம் போய், கடிப்பது இன்னும் ஒருநாள் பிறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது ஈஸ்வரி, கையிலிருந்த தீவனக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "அம்மிணி, ஒண்ணு கேக்கறனுங்க. போன மழைக்கு என்ற ஆடு செத்துச்சுங்கல்ல. மூஞ்சி வீங்கி, வாயெல்லாம் புண்ணாகி, நாக்கு நீலமா வெளிய தள்ளி. அது இந்தப் பூச்சியாலதானுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சேறு எங்களுக்குக் கிடைத்திருக்கும். எனக்கு அது தெரிந்தது. வாணிக்கும் தெரிந்திருக்கும்.

"தெரியலைங்க" என்றாள். "அது நீலநாக்கு நோய். அந்த நோயைப் பரப்புறது இந்த வகைப் பூச்சிங்கதான். ஆனா எல்லா இனமும் பரப்புறதில்ல. இந்த இனம் பரப்புமான்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா இப்படி ஒரு இனம் இருக்குன்னே இன்னும் யாரும் பதிவு பண்ணல. நான் இப்ப ஆமான்னு சொன்னா அது பொய்."

"பதிவு பண்ணீட்டா தெரிஞ்சுருமுங்களா?"

"உடனே தெரியாது. தேட ஆரம்பிக்கலாம். எத்தனை ஆடுங்க செத்துச்சு? டாக்டர் அஞ்சுன்னு எழுதியிருந்தார்."

"ஆறுங்க" என்றார் ஈஸ்வரி. "ஒண்ணு சினையா இருந்துச்சு."

வாணி குறிப்பேட்டை எடுத்து ஐந்தை அடித்துவிட்டு, ஆறு, அதில் ஒன்று சினை என்று எழுதினாள். எழுதியதை ஈஸ்வரி எட்டிப் பார்த்தார். தங்கராசு வேறு பக்கம் பார்த்தார். ஆடுகள் சாகும்போது ஊரில், பட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஈஸ்வரியைத்தான் பேசினார்களாம். இது அன்று மதியம் அவரே சொன்னது.

பிறகு ஈஸ்வரி கொத்தனாரிடம் திரும்பினார். "நீங்க மொதல்ல ஆட்டுப்பட்டிப் பக்கம் போட்டுட்டு வாங்க. இந்த மூலைய நாளைக்கு மத்தியானமா மூடிக்கலாம்."

கொத்தனாருக்கு ஆட்சேபம் ஒன்றுதான். அவருடன் வரும் கையாளுக்கு அன்று ஒருநாள்தான் பேச்சு. நாளைக்கு ஜல்லி தூக்க ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற என்னை.

மதியம் தேநீர் குடிக்கும்போது ஈஸ்வரி, "இதுக்கு என்ன பேருங்க வெப்பீங்க?" என்றார். வாணி மூன்று வருடமாக வைத்திருந்த பெயரைச் சொன்னாள். இந்தச் சிற்றூரின் பெயரை லத்தீனில் நீட்டிய பெயர். கட்டுரைக் கோப்பு, குப்பிச் சீட்டு எல்லாவற்றிலும் அதுதான். ஈஸ்வரிக்குப் பெருமையாக இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எங்கூருப் பேருங்களா? வேண்டாமுங்க அம்மிணி. சந்தைக்கு ஆட்ட ஓட்டிட்டுப் போனா, வாங்கறவன் மொதல்ல எந்தூருன்னுதான் கேப்பான். சீக்குப் பூச்சிக்கு எங்கூருப் பேர வெச்சுட்டா காலத்துக்கும் அது போகாதுங்க. என்ற ஆடு மட்டுமில்லீங்க, ஊரு ஆடெல்லாங் கெட்டுப்போகும்."

"சரிங்க, வைக்கல" என்றாள். "ஆனா எங்க பிடிச்சோம்னு கட்டுரைக்கு உள்ள எழுதித்தான் ஆகணும். அதை மறைக்க முடியாது."

"உள்ள இருந்தா இருந்துட்டுப் போவுது. நெத்தியில எழுத வேண்டாம்."

"உங்க பேரை வைக்கட்டுமா?" என்று நான் கேட்டேன், விளையாட்டாக.

"என்ற பேரா? கடிக்கறதுக்கா? அவரு காதுல உழுந்தா ஆமா அதான் பொருத்தம்பாருங்க!" ஈஸ்வரி சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த கன்று திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி முதல் நான் ஜல்லி சுமந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கொத்தனார் ஒருமுறைகூடத் திட்டவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். வாணி மணிக்கு ஒருமுறை குப்பிகளை மாற்றிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு இல்லை. ஒன்பதுக்கு இல்லை. பத்து மணிக்கு இரண்டு ஆண்கள், ஆனால் வேறு இனம். ஆணுக்கு உணர்கொம்புகள் இறகுபோல் விரிந்திருக்கும், பழகினால் எளிதில் தெரியும். பதினொன்றேகாலுக்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்க வந்தேன். வாணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றாள். நான் பேசவே இல்லை.

பிறகு நிமிர்ந்தாள். "வந்துட்டான்" என்றாள். கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் போய் உட்கார்ந்தாள். முகத்தை முழங்கையால் துடைத்தாள், கையெல்லாம் சேறு. அடுத்த முக்கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு கிடைத்தன. மொத்தம் மூன்று. போதும் என்றாள்.

ஈஸ்வரியைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினோம். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்துனூண்டு இருந்துக்கிட்டு ரெக்கையில பிரின்டிங் போட்டாப்புல பூவு பாருங்க" என்றார். பிறகு, "இது எத்தன ஆட்டக் கடிச்சுருக்குமுங்க?" என்று கேட்டார்.

"இது ஆண். கடிக்காது" என்றாள் வாணி.

"கடிக்காததப் புடிக்கறதுக்கா இத்தன பாடு?"

ஒரு மணிக்குக் கொத்தனார் அந்த மூலைக்கு வந்தார். வாளிகளை எடுத்துக் கழுவினோம். கடைசிச் சட்டி ஜல்லியை நான்தான் கொட்டினேன். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் கேட்டேன், இந்த இனத்துக்குத் தெரிந்த ஒரே இடத்தை மூடிவிட்டோமே, வருத்தமில்லையா என்று. "நமக்குத் தெரிஞ்ச ஒரே இடம், அதுக்கு ஒரே இடமா இருக்காது" என்றாள். "ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒரு மூலையில இப்படிச் சேறு இருக்கும். நாமதான் குனிஞ்சு பாக்கல." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். குப்பிப் பை அவள் மடியில் இருந்தது, நான் கேட்டும் தரவில்லை.

கட்டுரை திருத்தி அனுப்பப்பட்டு, இரண்டு முறை கேள்விகள் வந்து, பங்குனியில் ஏற்கப்பட்டது. அச்சில் வரும் முன் புதுப் பெயரை வேறெங்கும் எழுதக் கூடாது என்பது அவர்கள் துறை வழக்கம். அதனால் இங்கேயும் சொல்ல முடியாது. ஊர்ப் பெயர் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். கட்டுரை முடிவில் நன்றி சொல்லும் பத்தியில் ஈஸ்வரியும் ஜமீலாவும் இருக்கிறார்கள், இருவரிடமும் அனுமதி வாங்கித்தான். ஜமீலாவுக்குப் பூச்சியின் புகைப்படமும் போனது. "துணிக்கு இந்த டிசைன் நல்லாத்தான் இருக்கும்" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

இதுபோன்ற பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூச்சி தேடிப் போனாலும் சரி, பறவை தேடிப் போனாலும் சரி, தோட்டத்துக்குள் நுழையும் முன் கேட்டுவிட்டு நுழையுங்கள். கொங்கு நாட்டில் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்வது அரிது, கேட்காமல் நுழைந்தால் நாய் சொல்லிவிடும். பல்லடம்–பொங்கலூர் சாலையில் பேருந்து வசதி உண்டு. உள்ளே போக நடை அல்லது சொந்த வண்டிதான். மழைமாதமென்றால் முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் கட்டாயம், நான் அரைக்கால் சட்டையில் போன முதல் நாளின் தழும்பு இன்னும் இருக்கிறது. வலை வாங்கினால் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். திருப்பூரில் துணி சம்பந்தமாக எந்தச் சந்தேகமென்றாலும் தைப்பவரிடம் கேளுங்கள். எங்கள் இருவருக்கும் ஐந்து நாளில் பயணம், தங்குமிடம், சாப்பாடு, தையல் எல்லாம் சேர்த்து ₹6,400 ஆனது. இதில் என் முதுகுக்கு வாங்கிய தைலம் சேரவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பயணத்தில் கிடைத்த பெண் பூச்சிகளில் நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வாணி அந்தக் கால்நடை மருத்துவர் மூலம் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். போன மாதம் முடிவு வந்தது. எதுவும் தென்படவில்லை, ஆனால் அனுப்பிய எண்ணிக்கை மிகக் குறைவு, இதை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று வாணி இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பும் முன், ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். மழைக்கு முன்பே ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடச் சொன்னாள். அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"ஊசி போன வாரமே போட்டாச்சுங்க" என்றார் ஈஸ்வரி. பிறகு, "தெரியலைங்கறதச் சொல்லக்கூட ஒரு போன் பண்ணுனீங்க பாருங்க அம்மிணி. ஆடு செத்தப்ப எல்லாருக்கும் எல்லாந் தெரிஞ்சிருந்துச்சுங்க. தெரியலைன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்க."